டிக்கியில் கிடந்த கருவாடு

காருக்குப் புது பிரேக் டிஸ்க் போட்ட பிறகும் சத்தம் நிற்கவில்லை. நூன்ஜே கணவாயின் இரண்டாவது வளைவு வரை ஏறி, வண்டியைத் திருப்பி, ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கியங்ரான் மெதுவாக இறங்கி வந்தாள். பனி கொட்டப்போகிற மதியம். சாலையோரத்துப் பந்தல்களில் வரிசை வரிசையாக உலரக் கட்டியிருந்த மீன்கள் காற்றில் ஒன்றோடொன்று மோதிக் கட்டைகள் போலச் சத்தம் போட்டன. அதையும் மீறி வலது முன்சக்கரத்திலிருந்து அது கேட்டுக்கொண்டே இருந்தது. ச்சர்க்... ச்சர்க்... யாரோ ஒரு காலை மட்டும் தரையோடு இழுத்துக்கொண்டு வண்டியோடு நடந்து வருகிற மாதிரி.

டிஸ்க் கோணிப்போயிருந்தால் பிரேக் பெடல் காலடியில் துடிக்கும். அது அவளுக்குத் தெரியாததா? சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு துடிப்பு, வேகம் கூடினால் துடிப்பும் கூடும், வண்டி நின்றால் அதுவும் நின்றுவிடும். இது நிற்கவில்லை. வண்டியை ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்துவிட்டு, பெடல் மேலேயே காலை வைத்தபடி உட்கார்ந்து பார்த்தாள். அடியிலிருந்து ஏதோ ஒன்று அவள் பாதத்தை எதிர்த்துத் தள்ளியது. முதலில் விரல்கள் அழுத்தின. பிறகு குதிகால்.

காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அடுத்த நொடி கோபம் வந்தது. பயம் வந்தால் கியங்ரானுக்கு அது கோபமாகத்தான் வரும், சின்ன வயதிலிருந்தே அப்படி. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று அண்ணன் மான்சு அவளைச் சீண்டாத நாள் கிடையாது. இப்போதும் அவன்மேல்தான் கோபம் வந்தது. இந்த வண்டியைத் தலையில் கட்டியதே அவன்தானே.

கணவாய்க்கு அந்தப்பக்கம், கடற்கரை ஊரில், பழைய கார் வாங்கி விற்பது மான்சுவின் தொழில். இந்தப்பக்கம் மலையடிவாரத்தில் கியங்ரானின் ஒர்க்‌ஷாப். அவளுடைய ஒரே மகள் நாரேக்கு வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. மலை கிராமங்களுக்கெல்லாம் போகவேண்டும், கார் இல்லாமல் முடியாது. மருமகளுக்கு என் பரிசு என்று சொல்லி மான்சு போன சனிக்கிழமை இந்த வெள்ளை வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் பரிசு கொடுக்கிறான் என்றபோதே அவள் யோசித்திருக்க வேண்டும்.

கணவாயின் மொத்த இறக்கத்தையும் பிரேக்கில் வைத்த காலை எடுக்காமலே இறங்கியிருக்கிறான். வாசலில் வந்து நின்றபோதே தீய்ந்த வாடை. டிஸ்க் நான்கும் அடுப்பில் காய்ந்த கல்லாகக் கொதித்துக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து அவனுக்குப் பக்தி வந்துவிட்டது. வண்டி வாங்கினால் நூல் சுற்றிய உலர்ந்த மீனை டிக்கியில் வைத்து, நாலு சக்கரத்துக்கும் அரிசிக் கள் ஊற்றிக் கும்பிடுவது இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். வருகிற ஆபத்தை மனுஷனுக்குப் பதிலாக மீன் வாங்கிக்கொள்ளும். சுற்றுகிற நூல்தான் அந்த மனுஷனுடைய ஆயுசு. செய்யட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? சூடு ஆறிய பிறகு செய்யக்கூடாதா? ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கள்ளைக் கொதிக்கிற டிஸ்க்கில் ஊற்றினான். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அவள் கத்திக்கொண்டே ஓடி வருவதற்குள் நாலாவது சக்கரத்துக்கும் ஊற்றிவிட்டு, டிக்கியைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டான்.

கூட்டிட்டுப் போ, கூட்டிட்டு வா என்று முழுசாகச் சொல்லவேண்டும். போத்தல் காலியாகிவிட்டதால் மான்சு வேண்டுதலையும் பாதியில் முடித்துக்கொண்டான்.

“எங்க நாரேயைப் பத்திரமாக் கூட்டிட்டுப் போ” என்றான். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். நாரேயும் சிரித்தாள்.

சூட்டில் குளிர்ந்தது பட்டுக் கோணிப்போன அந்த டிஸ்க்குகளைத்தான் கழற்றி எறிந்துவிட்டு அவள் புதிது போட்டிருந்தாள். நாளைக் காலையில் நாரே இந்த வண்டியை எடுத்துக்கொண்டு கணவாய் ஏறப்போகிறாள், மாலை பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள். அதற்குள் பிரேக் சரியாக வேண்டும்.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி வண்டியை லிஃப்டில் ஏற்றினாள். எண்ணெய் டிரம் அடுப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்த மான்சு, இன்னும் முடியலையா என்று கேட்டான். அவள் முன்சக்கரங்களைக் கழற்றினாள். டிஸ்க் உட்காரும் இடத்தில் துரு ஒரு பொட்டு ஒட்டியிருந்தாலும் டிஸ்க் தள்ளாடும், அதனால் அங்கே கம்பித் தூரிகையால் தேய்தேய் என்று தேய்த்தாள். டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் ஊசிகளை உருவிக் கிரீஸ் தடவினாள். பிரேக் பேடுகளைக் கையில் எடுத்து விளிம்பு விளிம்பாகத் தடவிப் பார்த்தாள். கோணலை அளக்கும் டயல் கேஜை டிஸ்க்கில் முட்டுக்கொடுத்து, டிஸ்க்கைக் கையால் மெல்லச் சுற்றினாள்.

முள் அசையவில்லை. மயிரிழை கோணல்கூட இல்லை. ஒரு சத்தமும் இல்லை.

எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. குறை தெரிந்தால் கை வைக்கலாம், குறையே இல்லாத வண்டியை என்ன செய்வது? பாகம் விற்றவனைத் திட்டினாள், வண்டி செய்தவனைத் திட்டினாள், கடைசியாக டிக்கியில் ஏதாவது உருண்டு சத்தம் போடுகிறதோ என்று சின்ன ஏணியில் ஏறித் திறந்து பார்த்தாள்.

கருவாடு மட்டும்தான் கிடந்தது. கை நீளம், வாய் பிளந்து, மேலே மொத்தமாகச் சுற்றிய வெள்ளை நூல். இந்த மீனைத் தேர்ந்தெடுப்பதே அதன் கண்ணுக்காகத்தான், செத்தாலும் மூடாமல் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பார்கள். கியங்ரான் அதைக் கையில் எடுத்தாள். எடுத்ததும் உடம்பு கூசியது. பனியில் மாதக்கணக்கில் காய்ந்த மீன் விறகு போல இருக்கும், தட்டினால் டக் டக் என்னும். இது வளைந்தது. ஈரமாக இருந்தது. வயிற்றுப் பக்கத்தில் விரல் பதிந்த இடம் மெதுவாக மேலெழும்பிப் பழையபடி ஆனது. மீன் வாடை இல்லை, தீய்ந்த பிரேக்கின் வாடை அடித்தது.

வெள்ளை நூலை நகத்தால் ஒதுக்கிப் பார்த்தாள். அதற்கடியில் இன்னொரு நூல். கருத்துப்போய், சதைக்குள் பதிந்து, பல சுற்று.

ஒரு வண்டியின் பழைய மீனை எடுத்து, உன் வேலை முடிந்தது என்று சொல்லி, நூலை அவிழ்த்துத் தனியாக வைத்துவிட்டுத்தான் ஆற்றில் விடுவார்கள், அல்லது கொளுத்துவார்கள். புது ஆளுக்குப் புது மீன். பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

மீனைக் கொண்டுபோய் அண்ணன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“இது யாரோட மீன்?”

மான்சு கிழங்கைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், மீனைப் பார்க்கவில்லை. “டிக்கியில கிடந்துச்சு. நல்ல கருவாடு, எதுக்கு வீணாக்கணும்னு நூல மட்டும் புதுசாச் சுத்தினேன். இதுல என்ன இப்ப? அந்தப் பையன் செத்ததுக்கும் வண்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

அவள் எந்தப் பையனைப் பற்றியும் கேட்கவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன கதைதான்.

பிறகு அவன் வாயிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. வண்டி கியூசான் என்ற இளைஞனுடையது, மீன் உலர்த்துகிற பந்தல்காரர் ஒருவரின் மகன். போன வசந்தத்தில் கணவாய் இறக்கத்தில் அவனுக்குப் பிரேக் பிடிக்கவில்லை. ஆனால் சாமர்த்தியசாலி, பிரேக் போன வண்டிகளுக்காகச் சாலையோரம் குவித்து வைத்திருக்கும் ஜல்லி மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டான். முன் பம்பரில் கீறல்கூட இல்லை. உயிர் பிழைத்தவன் எதற்காகவோ கதவைத் திறந்து இறங்கி, மூடுபனிக்குள் நடந்து போயிருக்கிறான். உடலைப் பள்ளத்தின் அடியில் கண்டெடுத்தார்கள்.

“வலது கால்ல மட்டும் ஷூ இல்லையாம். அது வண்டிக்குள்ள, பெடலுக்கு அடியில கிடந்துச்சாம். கயிறு கட்டினது கட்டினபடியே” என்றான் மான்சு. சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று வாயைத் துடைத்துக்கொண்டான்.

கியங்ரான் மீனைத் திருப்பிப் பார்த்தாள். ஆபத்து வந்தபோது மீன் போகவில்லை. மீனுக்குப் பதிலாக மனுஷன் போயிருக்கிறான். அதனால்தான் இது இன்னும் காயாமல் கிடக்கிறது. அதன் முன்னால் நின்றுகொண்டு இந்தப் புண்ணியவான் கள்ளை ஊற்றி, பெயரைச் சொல்லி, கூட்டிட்டுப் போ என்று கும்பிட்டிருக்கிறான்.

“உம் பொண்ணா இருந்தா இந்த வண்டியக் குடுப்பியாண்ணே? ஒரு கருவாடு வாங்க வக்கில்லாம, செத்தவனோடத எடுத்து எம் பொண்ணு பேரைக் கட்டியிருக்கியே. மனுஷனா நீ?”

அவன் ஏதோ முனகினான். அப்போதுதான் ஃபோன் அடித்தது. கணவாயில் பனி கொட்டத் தொடங்கியதால் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், கடற்கரை ஊரில் மாட்டிக்கொண்டேன் என்றாள் நாரே. மான்சு தப்பித்தால் போதும் என்று சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான். என் வேனில் போய்க் கூட்டி வருகிறேன், டயருக்குப் பனிச் சங்கிலி மாட்டியிருக்கிறேன், நீ அதுவரைக்கும் மீனோடு பேசிக்கொண்டிரு என்றான். அந்த வேனுக்கு இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் பிரேக் மாற்றியவள் அவளேதான், அதன் பிரேக்கில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. போ, அதையாவது உருப்படியாகச் செய் என்று சொல்லி ஷட்டரை அவன் முதுகுக்குப் பின்னால் படாரென்று இறக்கினாள்.

இருட்டும்வரை தனியாக வண்டியோடு மல்லாடியதில் கோபம் இன்னும் ஏறியது. அண்ணன்மேல், வண்டிமேல், கையிலிருக்கும் இந்தச் சொதசொதப்பின்மேல். நாரே வருவதற்குள் இது ஒழியவேண்டும். அடுப்பின் மூடியைக் கொக்கியால் தள்ளி, மீனை உள்ளே வீசினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. காறித் துப்பினாள்.

மீன் எரியவில்லை. தணலின் மேல் கிடந்து சீறியது, ஈரம் கொதித்து நுரைத்தது, ஒர்க்‌ஷாப் முழுக்கத் தீய்ந்த பிரேக் வாடை பரவி அவள் தொண்டையைப் பிடித்தது. கறுப்பு நூலில் நெருப்பு ஒட்டவே இல்லை. வெள்ளை நூல்தான் பிடித்துக்கொண்டது. ஒரு முனையில் சின்னதாகப் பற்றி, சுற்றுச் சுற்றாக, அவசரமில்லாமல் எரிந்துகொண்டு போனது.

வெள்ளை நூல்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அது நாரேயின் நூல்.

அவிழ்த்திருக்க வேண்டும். முதலில் அதை அவிழ்த்துத் தனியாக வைத்திருக்க வேண்டும். கையை அடுப்புக்குள் விட்டாள். தோல் பொசுங்கியது, விடவில்லை, விரலில் கிடைத்ததை இழுத்தாள். சாம்பல். விரலிடுக்கில் கொஞ்சம் சாம்பல்தான் வந்தது.

முதுகுக்குப் பின்னால் ச்சர்க் என்றது.

திரும்பினாள். லிஃப்டில், ஆள் உயரத்தில், முன்சக்கரங்கள் இல்லாமல் நின்ற வண்டி. இஞ்சின் ஓடவில்லை. சாவி அவள் பையில்தான் இருந்தது. வலது முன்பக்கத்து டிஸ்க் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ச்சர்க்... ச்சர்க்... அவள் தேய்த்து, அளந்து, முள்ளே அசையாத டிஸ்க். சுற்றிக்கொண்டே வேகம் பிடித்தது. பிறகு காலிப்பர் கவ்வியது. நின்றது. மறுபடி விட்டது. மறுபடி சுற்றியது.

யாரோ பிரேக் பிடிக்கிறார்கள். இறக்கத்தில் பிடிக்கிற மாதிரி, விட்டுவிட்டு.

ஓட்டுநர் பக்கத்துக் கதவை அவள் திறந்தேதான் விட்டிருந்தாள். சுவரை ஒட்டியபடி அந்தப்பக்கம் போனாள். கால் வைக்கும் இடம் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. பெடல் தானாக உள்ளே போனது. வந்தது. போனது. அதன் ரப்பரில், அழுத்தம் விழும்போதெல்லாம், விரல்களின் பள்ளம் தெரிந்தது.

ஃபோன் அடித்தது. வெந்த கையால் எடுத்தாள்.

“அம்மா, வந்துக்கிட்டே இருக்கோம், உச்சி தாண்டியாச்சு” என்றாள் நாரே. குரலில் சிரிப்பு இருந்தது. “மாமா வேன் கிடுகிடுன்னு ஆடுதும்மா. நீதானே பிரேக் மாத்தின? நல்லா மாத்தியிருக்க போ.”

பெடல் ஆழமாகப் போனது. டிஸ்க் கிறீச்சிட்டது.

“மெதுவாப் போகச் சொல்லு. கீழ் கியர்ல போட்டுக்கிட்டு வரச் சொல்லு. பிரேக்கை நம்ப வேணாம்னு சொல்லு, நாரே.”

மகள் மாமாவிடம் அதைச் சொல்வது கேட்டது. மான்சு ஏதோ பதில் சொன்னான், அவன் குரல் இப்படி ஒடுங்கி அவள் கேட்டதே இல்லை.

“பிரேக் பிடிக்கலையாம், அம்மா.” சிரிப்பு போய்விட்டிருந்தது. “மிதிக்க மிதிக்க யாரோ அடியிலேர்ந்து திருப்பித் தள்ளுறாங்கன்னு சொல்றாரு. கால் மாதிரி இருக்காம்.”

பெடல் போனது. போனது. வரவில்லை. டிஸ்க் சுற்றியது, விளிம்பு நீலமாகி, பிறகு சிவந்தது. புகை.

கியங்ரானுக்கு வேலை தெரியும். அந்த நொடியிலும் தெரிந்தது. “ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சங் கொஞ்சமா இழுக்கச் சொல்லு. வலது பக்கம் ஜல்லி மேடு வரும். அதுல ஏத்திடச் சொல்லு. ஏத்திட்டா நின்னுடும்.”

கூச்சல். கல் சிதறும் ஓசை, நீளமாக. பிறகு ஒன்றுமில்லை. பனி விழும் நிசப்தம் மட்டும்.

லிஃப்டில் டிஸ்க் நின்றது.

“நின்னுடுச்சும்மா.” நாரே அழுதாள். “ஒண்ணும் ஆகலை. யாருக்கும் ஒண்ணும் ஆகலை.”

கியங்ரான் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “நாரே, இறங்காத. என்ன ஆனாலும் வண்டிய விட்டு இறங்காத. நான் வரேன். கதவப் பூட்டிக்கோ.”

“சரிம்மா. மாமாதான் இறங்கிட்டாரு. முன்னாடி போயிப் பாக்குறேன்னு...” நிறுத்தினாள். “கூப்பிடுறாரு.”

“போகாத.”

“பத்திரமாக் கூட்டிட்டுப் போறேன், வா நாரேங்கிறாரும்மா. வெளியில ஒண்ணும் தெரியல. மாமா குரல்தான்.”

“நாரே, அது மாமா இல்ல. நாரே.”

ஃபோன் சீட்டில் விழும் ஓசை. கதவு திறக்கும் ஓசை. காற்று. யாரோ பனியில் நடக்கிறார்கள். ஒரு காலடி நறுக்கென்று, ஷூ போட்ட கால். அடுத்தது ச்சர்க். மறுபடி ஷூ. மறுபடி ச்சர்க். பிறகு அவற்றோடு இன்னொருத்தியின் காலடிகள், சின்னவை, வேகமாக, பின்தொடர்ந்து. தூரம் போயின. எங்கோ மிகத் தள்ளி மான்சு அலறிக்கொண்டிருந்தான், இங்கே வா, இங்கேதான் இருக்கிறேன், எங்கே போகிறாய் என்று. சின்னக் காலடிகள் நிற்கவில்லை. பிறகு நின்றன.

அவள் மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினாள். ஃபோனில் காற்றுதான் இருந்தது.

அடுப்பில் வெள்ளை நூலின் கடைசிச் சுற்று எரிந்து அணைந்தது. உள்ளே கிடந்த மீன் டக் என்றது, காய்ந்த விறகில் தட்டினது போல.

கியங்ரான் வண்டியைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று தெரிந்தே பார்த்தாள். பிரேக் பெடல் தரையைத் தொடும்வரை அமுங்கி, அப்படியே நின்றிருந்தது. அதன் அடியில், சற்றுமுன்வரை ஒன்றுமில்லாத ரப்பர் விரிப்பின் மேல், ஒரு வெள்ளை ஷூ இருந்தது. புது வேலைக்கென்று போன வாரம் அவளே வாங்கிக்கொடுத்தது. வலது கால் மட்டும். அவிழவே கூடாது என்று சின்ன வயதில் அவள் சொல்லிக்கொடுத்த இரட்டை முடிச்சு, கட்டினது கட்டினபடியே. அதன் மேலிருந்த பனி இன்னும் உருகவில்லை.